உஷார்! ஒரே கோட்டில் மூடும் மஞ்சள்

“அங்கிள், ஒரே கோட்டு! அடியில இருந்த கறுப்பு எட்டிக்கூடப் பாக்கல!”

நண்பரின் மகன் இரவு பதினொரு மணிக்கு அனுப்பிய வாட்ஸ்அப். கூடவே ஒரு படம்: 54 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு வீரன், நெப்போலியன் படையில் இருந்த போலந்து ஈட்டிக்காரன். நீலச் சட்டை, மார்பில் பளிச்சென்று மஞ்சள். மினியேச்சர் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவர்களுக்குத் தெரியும், மஞ்சள் எப்பேர்ப்பட்ட வில்லன் என்று. இன்றைய அக்ரிலிக்கில் நாலு கோட்டு அடித்தாலும் அடிநிறம் பல்லைக் காட்டும். இவனுக்கு மட்டும் எப்படி ஒரே கோட்டில் மூடியது? ‘விண்டேஜ்’ என்று போட்டு ஆன்லைனில் யாரோ விற்ற பழைய எனாமல் டப்பாக்களை ஒரு டஜன் வாங்கியிருக்கிறான்.

பாராட்டத் தோன்றவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “பிரஷ் நுனிய எப்படிடா கூராக்கின?”

“வாயில வெச்சுத்தான் அங்கிள். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மஞ்சள் ஏன் அப்படி மூடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பழைய எனாமல் மஞ்சள்களில் பெரும்பாலும் இருந்தது குரோம் மஞ்சள். வேதியியலில் அதன் பெயர் ஈயக் குரோமேட். கனமான துகள், வெளிச்சத்தை உள்ளே விடாது, விலையும் மலிவு. அதோடு பிரஷ்யன் நீலத்தைக் கலந்தால் குரோம் பச்சை. ராணுவப் பச்சைகள் பலவற்றுக்கு அதுதான் தாய். மாலிப்டேட் சேர்த்தால் ஆரஞ்சும் சிவப்பும். இது போதாதென்று, பெயின்ட் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். ஆகவே மஞ்சள் டப்பாவை மட்டும் ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியாது. எந்தக் குணத்துக்காக “அந்தக் காலத்து பெயின்ட் மாதிரி வருமா!” என்று உருகுகிறோமோ, அந்தக் குணமும் விஷமும் ஒரே துகளில் உட்கார்ந்திருக்கின்றன.

உருகுவதில் நியாயம் இல்லாமலும் இல்லை. எனாமல் மெதுவாகக் காயும். அதற்குள் பிரஷ் போன தடமெல்லாம் தானாக அடங்கி, கண்ணாடி மாதிரி சமமாகிவிடும். காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினாலும் அசையாது. பிரிட்டனில் ஒரு தலைமுறைக்கு ஹம்ப்ரோல் எண்கள் போன் நம்பர் மாதிரி மனப்பாடம்: 33 என்றால் மங்கல் கறுப்பு, 34 என்றால் மங்கல் வெள்ளை. ஸ்க்ரூடிரைவரால் டப்பா மூடியை நெம்பினால் மேலே ஆடை கட்டியிருக்கும். அதைக் குச்சியால் விலக்கினால் தேன் நிறத்தில் எண்ணெய் மிதக்கும். நிறமெல்லாம் அடியில் களிமண்ணாக இறுகிக் கிடக்கும். அந்த வாசனையை ஆழமாக இழுத்து ரசித்தவன் நான். அதுவும் தப்பு. அது டர்பென்டைன் வகைக் கரைப்பானின் ஆவி. தலைவலியில் தொடங்கி மயக்கம் வரை கொண்டுபோகும்.

வாய் விஷயத்துக்கு வருகிறேன். 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஆரஞ்ச் என்ற ஊரில், இளம்பெண்கள் கைக்கடிகார முகப்புகளில் இருட்டில் ஒளிரும் ரேடியம் பெயின்டைத் தீட்டினார்கள். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துத்தான் கூராக்கினார்கள். ஒன்றும் செய்யாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. தாடை எலும்பு அழுகிச் செத்தவர்கள் உண்டு. ஐந்து பெண்கள் தொடர்ந்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. நம் டப்பாவில் ரேடியம் இல்லை, ஆனால் பழக்கம் அதேதான். ஈயத்துக்கு அவசரமும் கிடையாது. உடம்பு அதைக் கால்சியம் என்று நம்பி எலும்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும், வருடக்கணக்காக. விழுங்கிய ஈயத்தைக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல உலக சுகாதார நிறுவனத்திடம் ஒரு அளவே கிடையாது.

“எங்க பாட்டி ஈயச் சொம்புல ரசம் வெச்சாங்க, ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்க ஒருவர் வருவார், கட்டாயம் வருவார். ஐயா, ரசத்துக்கு மணம் சேர்த்தது வெள்ளீயம். அது டின். நாம் பேசுவது காரீயம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் கொண்டுவந்ததும் வெள்ளீயம்தான். குழப்பத்துக்கு மேல் குழப்பமாக, பழைய வெள்ளைப் பெயின்டில் இருந்த காரீயச் சேர்மத்தைச் சிலர் ‘வெள்ளை ஈயம்’ என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். வீடுகளுக்கு உள்ளே அடிக்கும் பெயின்டில் அந்த வெள்ளை வேண்டாம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1921இலேயே உடன்படிக்கை போட்டது. அமெரிக்கா வீட்டு பெயின்டில் ஈயத்தை 1978இல் தடுத்தது. இந்தியாவில் 2016இல் விதி வந்தது: பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது. ஆனால் நாற்பது வருடத்துக்கு முன்பே மூடி போட்ட டப்பாவை எந்த விதியும் தேடி வராது.

பெயின்டோடு முடிந்தால் பரவாயில்லை. பழைய பொம்மையே ஈயமாக இருக்கலாம். லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893இல் உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. 1966 வரை அது நடந்தது. பெரியவர்களுக்கான போர் விளையாட்டுப் பொம்மைகளில் 1990கள் வரைகூட ஈயம் தொடர்ந்தது. இவற்றை மர அலமாரியிலோ அட்டைப் பெட்டியிலோ வருடக்கணக்கில் வைத்தால், மரமும் அட்டையும் விடும் அசெட்டிக் அமில ஆவி பட்டு மேலே வெள்ளையாகப் பொடி பூக்கும். பார்த்தால் பூஞ்சை மாதிரி இருக்கும். உடனே என்ன செய்வோம்? பெட்டியைத் திறந்ததும் ‘உஃப்’ என்று ஊதுவோம். ஊதாதீர்கள்! அது ஈயக் கார்பனேட். ஈரத் துணியால் ஒற்றியெடுத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

அதேபோல உப்புத்தாள். பழைய பெயின்டைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். காய்ந்த பெயின்ட் அலமாரியில் சும்மா இருக்கும்வரை சாது. தேய்த்துத் தூளாக்கினால் மூக்கு வழியாகவும் விரல் வழியாகவும் உள்ளே போகும். நாமோ கையால் சாப்பிடுகிறவர்கள். பரம்பரையாக வந்த கொலு பொம்மைகளை நவராத்திரிக்கு முன்னால் கூடத்தில் உட்கார்ந்து தேய்ப்பவர்களும், பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு தேய்ப்பவர்களும் இதை இன்னொரு முறை படிக்கவும். பழைய பெயின்டின் மேலேயே வார்னிஷ் அடித்து மூடிவிடுவது எவ்வளவோ மேல்.

சரி, புது அக்ரிலிக் என்றால் கவலை இல்லையா? ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை! தண்ணீரில் கழுவலாம், நாற்றம் இல்லை, ஈயம் இல்லை, இதெல்லாம் நிஜம். ஆனால் ஓவியர்களுக்கான அக்ரிலிக்கில் ‘கேட்மியம் ரெட்’, ‘கேட்மியம் யெல்லோ’ என்று இருந்தால் உள்ளே கேட்மியமே இருக்கிறது. அதை ஏர்பிரஷ்ஷில் ஊற்றவே கூடாது. பெயரின் வாலில் ‘ஹ்யூ’ என்று ஒட்டியிருந்தால் அது நிறத்துக்கு மட்டும் உறவு, கேட்மியம் கிடையாது. லேபிளில் ‘ஏஎஸ்டிஎம் டி-4236’ என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் ஐஎஸ்ஐ முத்திரை கண்ட மாதிரி நிம்மதியாகிறார்கள். அதன் பொருள், நாள்பட்ட ஆபத்து ஏதாவது இருந்தால் முறைப்படி லேபிளில் எழுதியிருக்கிறோம் என்பதுதான். ஆபத்தே இல்லை என்பதல்ல. சின்ன எழுத்தையும் படிக்க வேண்டும். கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் டூ-கே கிளியரைப் பளபளப்புக்காக அடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு உஷார்: அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவை வரவழைக்கும் சரக்கு; துணி மாஸ்க், என்95 எதுவும் அதன் ஆவியைத் தடுக்காது.

மறுநாள் காலை பையன் வீட்டுக்குப் போனேன். டப்பாக்களை மூடி, டேப் ஒட்டி, பெயர் எழுதிப் பரணில் ஏற்றினோம். சாக்கடையில் ஊற்ற வேண்டாம் என்று அவனிடம் இரண்டு முறை சொன்னேன். ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனைக்கு அவன் அம்மாவே லேபுக்கு போன் போட்டுவிட்டார். எனக்கும் சேர்த்து.

பிறகு அவன் முகம் வாடியிருந்ததைப் பார்த்து, இன்னொரு ஈட்டிக்காரனை எடுத்து இன்றைய மஞ்சளால் அடித்துக் காட்டினேன். முதலில் இளஞ்சிவப்பில் ஒரு அடிக்கோட்டு, காய்ந்ததும் மேலே மஞ்சள். இரண்டாவது கோட்டிலேயே மூடிவிட்டது. நடுவில் பிரஷ் நுனி பிரிந்துகொண்டது. என் கை அது பாட்டுக்கு வாய்ப்பக்கம் கிளம்பியது, முப்பது வருடப் பழக்கம்.

“அங்கிள்!” என்று கத்தி, ஈரத் துணியை நீட்டினான்.