மூன்று பட்டை மீனும் 31 கிலோ உப்பும்

மூன்று பட்டை டாம்செல், கடல்மீன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மீன்களில் ஒன்று. வெள்ளை உடம்பில் மூன்று கறுப்புப் பட்டைகள்; முதல் பட்டை கண் வழியாக ஓடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடுகிறோம். ஆனால் அதை உயிரோடு வைத்திருக்க ஆகும் செலவில் மீனின் விலைதான் மிகச் சிறிய தொகை.

100 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலத் தொட்டியில் 40 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் 180 லிட்டர். கல்லும் மணலும் 20 லிட்டர் இடத்தைப் பிடித்தால் மிச்சம் 160. லிட்டருக்கு 37 கிராம் வீதம் கடலுப்புக் கலவை ஏறக்குறைய 6 கிலோ தேவை. இந்த 6 கிலோவோடு கணக்கு முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். வாரம் பத்து சதவீதம், அதாவது 16 லிட்டர், மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் 592 கிராம் உப்பு. 52 வாரத்துக்கு 31 கிலோ. கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 9,300 ரூபாய்.

தண்ணீர்க் கணக்கு இதைவிடப் பெரியது. ஆவியாகித் தினம் அரை செ.மீ. இறங்கினால் 2.25 லிட்டர் போய்விடும். உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கும். ஒரு வாரம் ஊற்றாமல் விட்டால் கலவையின் ஈரம் போக லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 39 கிராமை நெருங்கிவிடும். ஈடுகட்ட ஊற்றுவது ஆர்.ஓ. நல்ல தண்ணீராகத்தான் இருக்க வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது. ஆவியானதற்கு 821, வாராந்திர மாற்றத்துக்கு 832, ஆக வருடத்துக்கு 1,653 லிட்டர். லிட்டருக்கு மூன்று லிட்டர் கழிவு விடும் ஆர்.ஓ. என்றால் குழாயிலிருந்து 6,600 லிட்டர். ஒரு சின்னத் தண்ணி லாரி அளவு. கழிவை மாப் போடவாவது பிடித்து வையுங்கள்.

மின்சாரத்தில் பம்ப், வேவ்மேக்கர், விளக்கு மூன்றும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 49 யூனிட்தான். சென்னை வெயிலில் தண்ணீரை 28 டிகிரிக்குள் வைக்க 150 வாட் சில்லர் தினம் பத்து மணி நேரம் ஓடினால் இன்னும் 90 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குத் தரப்படும் இலவச மின்சாரம் வீட்டு ஃபேனுக்கும் ஃப்ரிட்ஜுக்குமே போதாது.

என்னை வருத்துவது வேறொரு கணக்கு. புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியா வேண்டுமே என்று டாம்செல்லை உள்ளே விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. முரட்டு மீன், தாங்கும் என்பார்கள். தாங்குவது உண்மைதான், செவுள் வெந்தபடி தாங்குகிறது. இதே வேலையை 1 கிராம் அம்மோனியம் குளோரைடு செய்துவிடும். 160 லிட்டரில் அது லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா தரும். ஈயம் பூசுகிறவர்களின் நவச்சாரமும் இந்த உப்புதான். தொட்டிக்கு மட்டும் ஆய்வகத் தரத்தில் வாங்க வேண்டும். போட்ட அம்மோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யமானால் தொட்டி தயார்.

கடலில் இந்த மீன் கிளை விரிந்த பவளத்துக்குள் கூட்டமாக வாழ்கிறது. நிழல் பட்டதும் மொத்தக் கூட்டமும் கிளைகளுக்குள் புகுந்துகொள்ளும். தொட்டியில் அந்தக் கூட்டம் நிலைப்பது அரிது. பெரியது சின்னதை விரட்டி விரட்டி ஓய்த்துவிடும். 160 லிட்டருக்கு ஒன்றே ஒன்று போதும், அதையும் கடைசியாக விட வேண்டும் என்பது என் முடிவு. ஒளிய இடம் வேண்டுமென்று பவளக்கல் தேடாதீர்கள். கடினப் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செராமிக் கல் போதும்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இந்த டாம்செல் இனத்தைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது. ஆகவே வாங்கும்போது, கடலில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.