எத்தனால் வந்த வினை

தரையில் ஓடும் வண்டிக்கு ஏற்ற எண்ணெய், ஜலத்தில் ஓடும் படகுக்கு ஆகாமற் போகுமா? ஆகாது என்று அமெரிக்காவின் படகுக்காரர்கள் பல வருஷங்களாக முறையிட்டு வருகிறார்கள். பெட்ரோலுடன் கலக்கும் ‘எத்தனால்’ என்னும் சாராயமே அவர்களுடைய குற்றவாளி. தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரே ஓர் எத்தனை நினைவூட்டுவது வேடிக்கைதான்!

அந்நாட்டில் 2005-ம் வருஷத்துச் சட்டம், பெட்ரோலுடன் தாவர எரிபொருள் கலக்கப்பட வேண்டுமென்று விதித்தது. இன்று அங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பகுதி, மக்காச்சோளத்தில் வடித்த எத்தனாலை நூற்றுக்கு 10 பங்கு கொண்டது. அந்நிய எண்ணெயின் தயவு குறையவேண்டும், குடியானவனுக்கு விலை கிடைக்கவேண்டும் என்ற நோக்கங்களை நாம் குறை கூறவில்லை.

ஆனால் எத்தனாலுக்கு ஜலத்தின்மேல் தீராத மோகம். படகின் எண்ணெய்த் தொட்டியோ காற்றுக் குழாய் வழியாக ஈரத்தை உட்கொள்வது. மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பதும் உண்டு. 100 லிட்டர் கலவை சுமார் அரை லிட்டர் ஜலத்தைத்தான் தாங்கும். அதற்கு மிஞ்சினால் எத்தனாலும் ஜலமும் கைகோத்துக்கொண்டு தொட்டியின் அடியில் இறங்கிவிடுகின்றன. இயந்திரம் எண்ணெய் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதானே! அப்படிப் பிரிந்த எண்ணெயை எந்த மருந்தும் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

2004-இல் நியூயார்க், கனெக்டிகட் ராஜ்யங்களில், நிலத்தடி நீரைக் கெடுத்த வேறொரு கலப்புப் பொருளைத் தடுத்து எத்தனாலைப் புகுத்தினார்கள். அதன் விளைவாகப் பல பழைய படகுகளின் கண்ணாடியிழைத் தொட்டிகளில் பிசின் கரைந்து, வால்வுகளில் கரிய மசியாகப் படிந்தது. நல்ல எண்ணத்துடன் செய்த காரியந்தான்; நஷ்டம் படகுக்காரர் தலையில் விழுந்தது.

2011-இல் அமெரிக்கச் சர்க்கார் 2001 முதல் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளுக்கு 15 பங்குக் கலவையை அனுமதித்தபோது, படகுகளுக்கு அது கூடாதென்று விலக்கி, எண்ணெய்க் குழாய்களில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டச் செய்தது. ஆனால் படகை வண்டியின் பின்னால் கட்டி இழுத்து வருகிறவர், இரண்டுக்கும் ஒரே குழாயில் எண்ணெய் பிடிக்கிறார். சிறு சீட்டைக் கவனிக்கத் தவறினால் இயந்திரம் பாழ்.

விவரமறிந்தவர்கள் ஜலத்தைப் பிரிக்கும் வடிகட்டி பொருத்துகிறார்கள். எண்ணெயை நெடுநாள் தேக்கி வைப்பதில்லை. கிடைக்குமிடத்தில் எத்தனால் கலவாத பெட்ரோலையே வாங்குகிறார்கள்.

நம் தேசமும் 2022-இல் 10 பங்கையும், 2025-இல் 20 பங்கையும் எட்டிவிட்டது. பெட்ரோலில் ஓடும் வெளிப்பொருத்து இயந்திரங்களை நம்பிக் கடலுக்குப் போகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்காக மீன்பிடித் துறைகளில் கலவாத பெட்ரோல் தரும் குழாய் ஒன்றேனும் இருக்கவேண்டாமா? வழியில் நின்ற வண்டியை நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம். நடுக்கடலில் நின்ற படகை யார் தள்ளுவது?