கருச் சிதைந்தபோது எவ்வழி நல்வழி?

கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சென்றால் நாவிதன்வெளியின் வயல்களைக் காணலாம். கோடையில் அது எளிய பயணம். மாரி பிறந்துவிட்டாலோ, வெள்ளம் தாம்போதியின்மேல் ஏறிப் பாய்வதும் போக்குவரத்துத் தடைப்படுவதும் இப்பகுதி மக்கள் பலகாலும் கண்ட காட்சி. வெள்ளத்துக்கும் வைத்தியத்துக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வூர் இளம் பெண்ணொருத்தியை மனக்கண்முன் நிறுத்துவோம். கருவுற்று இரண்டரை மாதம். ஒருநாள் சிறிது இரத்தம் கண்டு அஞ்சி வைத்தியசாலைக்கு ஓடுகிறாள். கருவில் உயிர்த்துடிப்பு இல்லையென்று பரிசோதனை காட்டுகிறது. வீடு திரும்பியதும், "குடம் தூக்காதே என்று சொன்னேனே, கேட்டாயா மகள்?" என்கிறார் மாமி. "கண்ணூறுதான்" என்கிறாள் அயல்வீட்டுப் பெண். நொந்த மனத்தில் வேல் பாய்ச்சுவது போன்ற சொற்கள் இவை!

உண்மை யாது? உறுதி செய்யப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 இவ்வாறு தாமே சிதைகின்றன. முதல் மூன்று மாதங்களில் நேரும் சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் கருவின் நிறமூர்த்தங்களில் அமைந்த பிழையே. குடம் தூக்கியதும் காரணமன்று, கண்ணூறும் காரணமன்று. தாய்மீது பழி சுமத்துதல் அறியாமை.

இனிச் செய்ய வேண்டுவது என்ன? கடுமையான குருதிப்போக்கோ காய்ச்சலோ இல்லாதவிடத்து, வைத்திய உலகம் மூன்று வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, ஓரிரு வாரம் காத்திருந்து, உடல் தானே கருவை வெளியேற்ற விடுதல். மற்றொன்று, கருப்பையைச் சுருங்கச் செய்யும் குளிசைகளால் அதனை விரைவுபடுத்தல். மூன்றாவது, சிறு குழாயினால் உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை. இது பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

இம்மூன்றில் எது சிறந்தது? இங்கிலாந்தில் 1,200 பெண்களைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட ஓர் ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளியாயிற்று. கிருமித்தொற்று எம்முறையிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கே உண்டானது. அவ்வகையில் மூன்றும் ஒன்றே. ஆனால் எதிர்பாராது வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தோர் தொகையோ வேறுபட்டது. காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 49 பேர். குளிசை பெற்றவர்களில் 18 பேர். சிகிச்சை பெற்றவர்களில் 8 பேர்.

இப்போது கிட்டங்கித் தாம்போதியை நினைத்துப் பாருங்கள். வைத்தியசாலைக்கு அருகே வாழ்பவள் வீட்டிலே அமைதியாகக் காத்திருக்க விரும்பலாம். அது அவளுக்கு நன்றே. வெள்ளம் சூழ்ந்த ஊரில், கணவன் தொலைவில் தொழில் புரிய, சிறு பிள்ளைகளோடு தனித்திருப்பவளுக்கு 49 என்ற எண் வேறு பொருள் தருமன்றோ? மற்றொருத்திக்குச் சிகிச்சை அறையை நினைத்தாலே நடுக்கம். அவள் குளிசையை நாடலாம். நோய் ஒன்றாயினும் வாழ்க்கை ஒன்றன்று.

ஆயினும், "எது உங்களுக்கு விருப்பம்?" என்று வைத்தியர் கேட்டால், "நீங்களே பார்த்துச் செய்யுங்கள், ஐயா" என்பதே நம்மவர் வழக்கமான விடை. அது பணிவினால் மட்டும் வருவதன்று, அறியாமையினாலும் வருவது. இக்குறையை நீக்கவே மேல்நாடுகளில் தெரிவுத் துணைகள் என்னும் சாதனங்கள் தோன்றியுள்ளன. இணையத்திலும் தாளிலும் கிடைக்கும் இவை, முறைகளை அருகருகே நிறுத்தி, நோவு, குருதிப்போக்கு, செல்லும் நாட்கள், மீண்டும் வரவேண்டிய வாய்ப்பு ஆகியவற்றை எளிய சொற்களில் விளக்கும். பின்னர், "உனக்கு எது முக்கியம்?" என்று வினவும். எதனையும் திணிப்பதில்லை.

கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கும் இங்கிலாந்தில், குளிசையா சத்திர சிகிச்சையா என்று பதினான்கு வாரத்துக்கு முன் தெரிவு செய்ய உதவும் துணையொன்றை அந்நாட்டின் தேசிய நிறுவனமே 2019இல் வெளியிட்டது. பல நோய்கள் குறித்த இத்தகைய துணைகளைப் பற்றிய 105 ஆய்வுகளை 2017இல் ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்தனர். அவற்றைப் பயன்படுத்தியோர் தம் நிலையை நன்கு அறிந்தனர். தமக்கு வேண்டுவது எதுவென்பதிலும் தெளிவு பெற்றனர்.

இலங்கையின் சட்டம் வேறு. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருக்கலைத்தல் குற்றமாகும். ஆனால் தானாகச் சிதைந்த கருவுக்குச் சிகிச்சை பெறுவது குற்றமன்று. இவ்வேறுபாட்டை அறியாமல், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி வீட்டில் மறைந்திருப்பது உயிருக்கே உலை வைக்கும். யாரோ விற்கும் குளிசையை வைத்தியரின் கண்காணிப்பின்றி விழுங்குவதும் அத்தகையதே. விற்பவனின் விளம்பரம் வேறு. தெரிவுத் துணை வேறு.

இணையம் இல்லாத வீட்டிலும் இத்துணையை ஆக்கிக்கொள்ளலாம். ஒரு தாளும் பேனாவும் போதும். வைத்தியரிடமோ மருத்துவ மாதிடமோ செல்லுமுன் இவ்வினாக்களை எழுதிக்கொள்ளுங்கள்: எனக்கு எவ்வழிகள் பொருந்தும்? அவற்றில் எவை இவ்வைத்தியசாலையில் உண்டு? எத்தனை நாள் செல்லும்? நள்ளிரவில் இரத்தம் மிகுந்தால் யார் என்னை அழைத்துச் செல்வார்? பாதை மூடினால் என்ன செய்வது? எனக்கு அதிக அச்சம் தருவது எது?

எவ்வழியைக் கொண்டாலும் சில அறிகுறிகளுக்குத் தாமதம் கூடாது. மணிக்கு இரண்டு பெரிய அணையாடைகள் வீதம் இரண்டு மணிநேரம் தொடர்ந்து நனைதல், காய்ச்சல், துர்நாற்றம், மயக்கம், வயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் நோவு: இவற்றில் ஒன்று தோன்றினும் உடனே வைத்தியசாலை செல்லுதல் வேண்டும்.

மாணவ மாணவியரே! உங்கள் கையில் தொலைபேசி இருக்கிறது. ஆங்கிலமும் ஓரளவு அறிவீர்கள். நல்ல வைத்திய நிறுவனங்கள் வெளியிட்டவற்றைத் தேடி, உம்மாவுக்கும் அக்காவுக்கும் இனிய தமிழில் எடுத்துரையுங்கள். கணவன்மாரே! வைத்தியரின் அறையில் மனைவிக்காக நீங்கள் விடை கூற முந்தாதீர்கள். அவள் வினவும்வரை பொறுத்திருங்கள். நோவைத் தாங்குபவள் அவள். வழியைத் தெரியும் உரிமையும் அவளுடையதே.