நூலகத்தில் உறங்கும் மருந்து

ஈரோட்டு மஞ்சள் சந்தைப் பக்கம் ஒரு நடை சென்று வந்தாலே உடுத்திய வேட்டியில் மஞ்சள் மணம் ஏறிவிடும். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது நம் ஈரோட்டு மஞ்சள். அந்த மஞ்சளைக் குறித்து 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி விந்தையானது. அதனைச் செய்தவர்கள் மஞ்சளை இடிக்கவுமில்லை, அரைக்கவுமில்லை. நோயாளி ஒருவரின் நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. பிறர் எழுதி வைத்த மருத்துவக் கட்டுரைகளைக் கணிப்பொறியின் துணைகொண்டு துருவினார்கள், அவ்வளவே.

இவ்வழிக்கு முன்னோடி சிகாகோ பல்கலைக்கழகத்தின் டான் சுவான்சன். அவர் மருத்துவரல்லர், இயற்பியல் பயின்று நூலக இயலுக்கு வந்தவர். குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் ரேனோ நோயில் இரத்தம் தடித்திருக்கிறது என்று சில கட்டுரைகள் கூறின. மீன் எண்ணெய் இரத்தத்தின் தடிப்பைக் குறைக்கிறது என்று வேறு சில கூறின. இவ்விரு கூட்டத்தாரும் ஒருவர் எழுத்தை ஒருவர் படித்ததாகவே தெரியவில்லை. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவரையொருவர் அறியாதிருக்க, இரு வீட்டையும் அறிந்த உறவினர் ஒருவர் இடைநின்று சம்பந்தம் பேசுவதில்லையா? சுவான்சன் 1986-இல் அவ்வாறே இரண்டையும் இணைத்து, மீன் எண்ணெய் இந்நோய்க்கு உதவக்கூடும் என்றெழுதினார். 1989-இல் நோயாளிகளிடம் நடந்த சோதனையில் ஒரு சாராருக்கு அது பலனளித்தது.

மஞ்சளுக்குச் சம்பந்தம் பேசியவர்கள் பத்மினி ஸ்ரீனிவாசன், பிஷாரா லிபஸ் என்னும் இருவர். மஞ்சள் உடலில் எந்தெந்தப் பொருள்களைத் தூண்டுகிறது, எவற்றை அடக்குகிறது என்று முதலில் தொகுத்தார்கள். பிறகு அதே பொருள்கள் எந்த நோய்களில் தலைகாட்டுகின்றன என்று தேடினார்கள். கண்ணின் விழித்திரை நோய்கள், குடலைப் புண்ணாக்கும் குரோன் நோய், முதுகுத்தண்டுக் கோளாறுகள் ஆகியவற்றில் மஞ்சள் பயன்படலாம் எனக் கணிப்பொறி சுட்டியது.

சுட்டியது என்றுதான் சொன்னேன். குணமாக்கியது என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை நம் குடும்பங்கள் மறந்துவிடலாகாது. குழம்பில் இடும் மஞ்சளால் தீங்கில்லை. ஆனால் அதன் சாரத்தை மாத்திரையாக மிகுதியாய் விழுங்கியவர்களுக்குக் கல்லீரல் கெட்டதுண்டு. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் உண்பவர்களுக்கு இரத்தக் கசிவும் நேரலாம். "கோவில் மஞ்சள்தானே, என்ன செய்துவிடும்?" என்று மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடுவோரை நினைத்தே இதை எழுதுகிறேன்.

படித்தது நோயாளியின் படுக்கையருகே சென்றடைய வேண்டும். கணிப்பொறி வருமுன்னரே அப்படி ஒன்று நடந்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்னுமிடத்துத் தொழுநோய் இல்லத்தில், 1896 முதல் புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புச் சகோதரிகள் பணிபுரிந்துவந்தனர். அங்கிருந்த மருத்துவர் கய் பாஜெட், புரோமின் என்னும் மருந்து காசநோய் கண்ட கினிப் பன்றிகளுக்கு நன்மை செய்ததாக ஏட்டில் படித்தார். காசக் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் ஒரே இனம். உடனே மருந்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். 1941-இல், தாமே முன்வந்த நோயாளிகளுக்கு ஊசி போடத் தொடங்கினர். ஆறாத புண்கள் ஆறின. அதுவரை அந்நோயாளிகளுக்கு இருந்ததெல்லாம் நீரடிமுத்து எண்ணெய் ஒன்றே.

புரோமினின் மூலப்பொருள் டாப்சோன். மாடுகளின் மடிநோய்க்கென எண்ணெயில் கலந்து வைத்திருந்த அந்த மருந்தையே, 1940-களின் பிற்பகுதியில், நம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். விலை மலிவு, பின்னர் மாத்திரையாகவும் வந்தது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கூட்டு மருந்தில் டாப்சோன் இடம்பெற்றது. அதனுடன் சேர்ந்த ரிபாம்பிசின், குளோபாசிமின் இரண்டும்கூடக் காசநோய் ஆராய்ச்சியோடு தொடர்புடையவையே.