கடலடியிலிருந்து மேலே வருதல்

கொழும்பு ஜிந்துப்பிட்டிக்குக் கடலோடு இருவகை உறவு உண்டு. ஒரு பக்கம் பொன்னும் முத்தும் விலைப்படும் செட்டியார் தெரு. மறு பக்கம், நடந்து செல்லும் தூரத்திலே, துறைமுகம். அத்துறைமுகத்துக்கு அப்பால் ஆழ்நீரில் வூஸ்டர்ஷயர், பேர்சியூஸ் என்னும் இரு கப்பல்கள் கிடக்கின்றன. முதலாம் உலகப் போரின்போது, வூல்ஃப் என்னும் ஜெர்மானியக் கப்பல் இட்டுச் சென்ற கண்ணிவெடிகளில் மோதி 1917 பெப்ரவரியில் அவை அமிழ்ந்தன. அன்று முத்தெடுக்க மூழ்கியவரும் சுழியோடி. இன்று முதுகிலே காற்றுக் கலத்தைச் சுமந்து அமிழ்ந்த கப்பல்களைக் காணச் செல்பவரும் சுழியோடி. பெயர் ஒன்றேயாயினும் கடல் இவ்விருவருக்கும் விதித்த சட்டம் ஒன்றன்று.

மன்னார்ப் பார்களிலே முத்துக்குளித்தவர் காலிற் கல்லைத் தாங்கி, கயிற்றைப் பிடித்து இறங்குவார். கையில் அகப்பட்ட சிப்பிகளைக் கூடையிலிட்டு, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மேலே வருவார். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென மந்திரம் ஓதுவோரும் அக்காலத்தில் உடனிருந்தனர். அரசாங்கமே அவர்களுக்கு ஊதியம் அளித்தது! சுழியோடி கொண்டு செல்வதெல்லாம் மேலே இழுத்த ஒரு மூச்சே. கடலில் 10 மீற்றர் இறங்கினால் அமுக்கம் இரு மடங்காகும். நெஞ்சிலுள்ள காற்றின் கனவளவு பாதியாகச் சுருங்கும். அவர் மேலே வரும்போது அது பழைய அளவுக்கே விரியும். அதற்கு மேல் விரியாது. ஆகவே அவருக்கு அச்சமெல்லாம் கீழே தங்குவதில்தான்.

காற்றுக் கலத்துடன் செல்பவருக்கோ அச்சம் மேலே வருவதில் இருக்கிறது. 1943இல் பிரான்சிலே குஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும் கஞ்ஞான் என்னும் பொறியியலாளரும் அமைத்த அக்குவாலங் என்னும் கருவியே இன்றைய ஸ்கூபாவுக்கு முன்னோடி. சுற்றியுள்ள நீரின் அமுக்கம் எவ்வளவோ அவ்வளவு அமுக்கத்திலேயே காற்றை வாய்க்கு அளிப்பது அதன் திறன். இன்றேல் நெஞ்சின்மீது நீர் அழுத்த, மூச்சை உள்ளிழுக்கவே இயலாது. கலத்திலுள்ளது ஒட்சிசன் என்று பலர் எண்ணுகின்றனர்; அது பிழை. தூய ஒட்சிசன் சில மீற்றர் ஆழத்திற்குக் கீழே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். கலத்திலுள்ளது பொதுவாக நாம் சுவாசிக்கும் இதே காற்றுத்தான். 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் நான்கு மடங்கு. ஆதலால் ஒவ்வொரு மூச்சிலும் நான்கு மூச்சின் காற்று செலவாகும். மேலே இரண்டு மணி நேரத்துக்குப் போதிய கலம் அங்கே அரை மணியில் தீர்ந்துவிடும்.

இதனால் இரு தீங்குகள் நேரலாம். முதலாவது, உடனே தெரிவது. 10 மீற்றர் ஆழத்தில் நெஞ்சை நிறைத்த காற்று, மூச்சை அடக்கியவாறு மேலே வருபவருக்கு இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். ஆதலால், மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதே பயிற்சியின் முதற்பாடம். இரண்டாவது, மறைந்து நிற்பது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். மிகுந்த அமுக்கத்தில் அது குருதியிலும் இழையங்களிலும் கரைந்து தங்குகிறது. சோடாப் போத்தலைத் திடீரெனத் திறந்தால் என்ன நிகழும் என்பதைச் சிறுவரும் அறிவர். விரைந்து மேலே வருபவரின் உடலிலும் அதுவே நிகழ்கிறது. குமிழிகள் மூட்டுகளில் தோன்றினால் பெருநோவு. முள்ளந்தண்டு நாணில் தோன்றினால் கால்கள் வழங்காமற் போகும்.

இதன் காரணம் நைதரசன் குமிழியே என்று போல் பேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1878இல் நிறுவினார். எவ்வளவு நேரம், எவ்வெவ் ஆழத்தில் தங்கித் தங்கி மேலே வரல் வேண்டும் என்னும் அட்டவணையை 1908இல் வெளியிட்டவர் ஹோல்டேன். அதற்காக அமுக்க அறையில் அவர் அடைத்துச் சோதித்தவை ஆடுகள்!

அவ்வறிவு பரவுமுன்னரே, 1860ஆம் ஆண்டுகளில், கிரேக்கத் தீவுகளுக்குச் செம்புத் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் வந்துவிட்டன. சிமி, கலிம்னோஸ் தீவினர் பரம்பரையாக மூச்சடக்கிக் கடற்பஞ்சு எடுத்தவர்கள். நம் முத்துக்குளிப்போருக்கு ஒப்பானவர்கள். புதிய உடை அவர்களை ஆழத்தில் நெடுநேரம் நிற்கச் செய்தது. மேலே வரும் முறையை மட்டும் கற்பிக்கவில்லை. அந்திக்கித்தேராத் தீவின் அருகே பண்டைக் கப்பலொன்றை 1900இல் கண்டவர்கள் சிமித் தீவின் சுழியோடிகளே. அங்கிருந்து சிலைகளை எடுக்கும் பணியில் ஒருவர் மாண்டார், இருவர் முடமாயினர். கலிம்னோஸில், முடமான சுழியோடி தடியூன்றி ஆடுவதாக அமைந்த நடனம் ஒன்று இன்றும் உண்டு.

இலங்கையிலே இக்கலையைப் பலரறியச் செய்தவர்கள், 1956இல் இங்கு வந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் ஆவர். திருக்கோணேச்சரத்துச் சுவாமி மலையடியில், போர்த்துக்கீசர் இடித்த கோயிலின் தூண்கள் கடலுள் கிடப்பதை அவர்கள் கண்டனர். மகா இராவணன் கோட்டை எனப்படும் தென்கடற் பாறைத் திடலருகே அவுரங்கசீப்பின் வெள்ளி நாணயங்கள் 1961இல் அகப்பட்டன. அங்கே ஆழம் குறைவு, பகை அலைதான். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் அமிழ்த்திய ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அத்தகையதன்று. அது 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. அங்கே காற்றைச் சுவாசித்து இருபது நிமிடம் நிற்பவர், மேலே வருவதற்கு அதனினும் கூடிய நேரம் செலவிடல் வேண்டும். மேலே வந்த பின்னரும் ஒரு நாள் கழியுமுன் விமானம் ஏறலாகாது. நுவரெலியாவுக்குச் செல்வதும் தகாது. உயரத்தில் வளியமுக்கம் குறைய, எஞ்சிய நைதரசன் குமிழியாகும்.

உல்லாசப் பயணிக்கு இவற்றைச் சொல்ல ஆசிரியர் உண்டு. கையிலே கணிக்கும் கருவியும் உண்டு. நம் வடக்கு, வடமேற்குக் கரைகளிலே கடலட்டைக்கும் சங்குக்கும் கலத்தோடு மூழ்கும் தொழிலாளருட் பலருக்கு இவ்விரண்டும் இல்லை. ஒரே நாளிற் பல கலங்களை வெறுமையாக்கும்வரை அவர்கள் இறங்கி ஏறுகின்றனர். ஒவ்வொரு முறையும் முன்னைய நைதரசனின்மேல் புதியது சேர்கிறது. தோள்மூட்டு நோவையும் தோலின் அரிப்பையும் களைப்பென்று கருதி உறங்கச் செல்பவர் மறுநாள் எழுந்து நிற்க இயலாதவராகலாம். மீண்டும் கடலில் இறங்கினால் நோவு தணியும் என்று செய்வோரும் உண்டு. தணியலாம், ஆயின் மேலும் நைதரசனை ஏற்றிக்கொண்டு, கால் வழங்காத நிலையில் நீருள் நிற்பதே அதன் பொருள்.

செய்யத்தக்கது வேறு. நோயாளியைப் படுக்கவைத்து, கிடைக்குமாயின் தூய ஒட்சிசன் கொடுத்தல் வேண்டும். நீருள் நஞ்சாகும் அதுவே கரையில் மருந்தாகிறது. பின்னர் தாமதமின்றி வைத்தியசாலைக்கும், அங்கிருந்து அமுக்க அறை உள்ள இடத்துக்கும் கொண்டு செல்லல் வேண்டும். திருகோணமலையிற் கடற்படையினரிடம் அத்தகைய அறை உண்டு. எந்த ஆழத்தில், எத்தனை முறை, எவ்வளவு நேரம் மூழ்கினார் என்பதை உடன் செல்பவர் எழுதி வைத்துக்கொள்வது நன்று. வைத்தியர் முதலிற் கேட்பவற்றுள் அது ஒன்று.