விதானையாரும் கிராமக் காவலும்

பொலிஸ் என்றதும் காக்கிச் சட்டையும் குண்டாந்தடியுமே நம் மாணவர்களின் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் இலங்கைக் கிராமங்களிற் பெரும்பாலானவை நெடுங்காலம் வேறொரு காவலிலேயே வாழ்ந்தன. அங்கே காவற்படை முழுவதும் ஒரே மனிதர். படைத் தலைவரும் அவரே. யாழ்ப்பாணத்தார் அவரை விதானையார் என்றனர்.

1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் நிறைவேறி, மறு ஆண்டில் காம்பெல் என்னும் ஆங்கிலேயர் தலைமையேற்றதும் ஒழுங்கான பொலிஸ் படை உருப்பெற்றது. எனினும் அது பட்டினங்களையே பெரிதும் காத்தது. கிராமத்தில் மாடு களவு போனாலும், ஐயத்துக்கிடமான சாவு நேர்ந்தாலும், சனங்கள் ஓடியது விதானையார் வீட்டுக்கே. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைக் கோவையும், அரசாங்க அதிபர் எழுத்து மூலம் நியமித்த தலைமைக்காரரைச் சமாதான உத்தியோகத்தராக ஏற்றது. விதானையாருக்கு மேல் உடையார், அவருக்கு மேல் மணியகாரர், எல்லாருக்கும் மேல் அரசாங்க அதிபர்.

இந்த ஏற்பாட்டின் வலிமையும் ஆபத்தும் ஓரிடத்திலேதான் இருந்தன எனலாம். வேலிச் சண்டை ஒன்று மூண்டால், எந்தக் கதியால் எந்த வருடம் எத்தனை முழம் நகர்ந்தது என்பது விதானையாருக்குத் தெரியும். பட்டினத்து இன்ஸ்பெக்டர் ஒரு மாதம் விசாரித்தாலும் அதை அறியார். ஆனால் விதானையாருக்கும் அதே ஒழுங்கையில் ஒரு வேலி உண்டே! உறவினர் உண்டு, பகைவரும் உண்டு. செல்வாக்குள்ள சாதியிலும் குடும்பத்திலுமிருந்தே பெரும்பாலும் அவர் தெரிவானார். ஒடுக்கப்பட்ட ஏழையொருவன் அவரிடம் முறைப்பாடு செய்வதென்றால், பல வேளைகளில் எதிராளியின் உறவினரிடமே முறையிடுவதாக முடிந்தது. ஒழுங்கான சம்பளமும் நெடுங்காலம் இல்லை. கௌரவத்துக்காக உழைத்த நல்லவர் பலர் இருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. கௌரவத்தைக் காசாக்கியவரும் இருந்தனர்.

இந்தக் கேட்டினை நன்கு எழுதிக் காட்டியவர் ஓர் ஆங்கிலேயர் என்பது வியப்பே. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்ட் வுல்ஃப், 1913இல் காட்டுக் கிராமமொன்றைப் பற்றிய நாவலை வெளியிட்டார். அதில் வரும் ஊர்த் தலைவன் தனக்கு ஆகாத குடும்பத்துக்குச் சேனை அனுமதி கிடைக்காமற் செய்கிறான். குற்றமற்றவன்மீது களவுப் பழி சுமத்திச் சிறைக்கும் அனுப்புகிறான். ஈற்றில் வேடன் சிலிந்து அவனைச் சுட்டுக் கொல்கிறான். அந்தத் தலைவனுக்கு எதிராகச் சிலிந்து யாரிடம் முறையிட்டிருக்க முடியும்? அவ்வூரில் அரசாங்கம் என்பதே அத்தலைவன்தான்.

1940களில் மணியகாரருக்குப் பதிலாகக் காரியாதிகாரி வந்தார். 1963 மே மாதத்தில் விதானையார் பதவியும் ஒழிந்து, கிராம சேவகர் பதவி தோன்றியது. கிராம சேவகர் சம்பளம் பெறும் உத்தியோகத்தர், இடமாற்றத்துக்கும் உரியவர். ஊர்ப்பகை அவரை அவ்வளவாகத் தொடாது. ஊர்க் கதையும் அவ்வளவாகத் தெரியாது.

எனினும் பழைய கடமை முற்றாக நீங்கிவிடவில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவையும், பொலிஸ் கடமைக்கென எழுத்து மூலம் நியமிக்கப்பட்ட கிராம உத்தியோகத்தரைச் சமாதான உத்தியோகத்தர் என்கிறது. வதிவிடச் சான்றிதழுக்காக அவருடைய வாசலில் நிற்போரில் எத்தனை பேர் இதனை அறிவர்?