ஐந்தெழுத்து

ஐந்தெழுத்து என்றால் எங்கள் பாட்டிக்கு 'நமசிவாய'. எனக்கு அது போன வருஷம் நான் எழுதின ஒரு சார்ட். கையெழுத்து நல்லா இருக்கும் என்று சொல்லி, ஆய்வகத்தில் மாட்ட 'கீப் குவயட்' என்று எழுதச் சொன்னார்கள். அமைதியாக இருங்கள் என்று அர்த்தம். நான் எழுதி மாட்டியதோ 'கீப் குவைட்'! இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு சீனியர் பார்த்துவிட்டார். அப்புறம் கேட்கவா வேண்டும்!

இரண்டு வார்த்தைக்கும் அதே ஐந்து எழுத்துதான்: க்யூ, யு, ஐ, இ, டி. கடைசியில் இ முன்னால் வந்தால் அமைதி. டி முன்னால் வந்தால் 'ரொம்ப' என்கிற மாதிரி வேறொரு வார்த்தை. இரண்டுமே 'க்வியேட்டஸ்' என்ற ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை என்று பிற்பாடு தெரிந்தது. அக்காவைத் தங்கை பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரிதான் என் தப்பு. ஆனால் அன்றைக்கு இதைச் சொல்லித் தப்பிக்க எனக்குத் தெரியவில்லையே!

அந்த ரோஷத்தில்தான் க்யூ வருகிற ஐந்தெழுத்து வார்த்தைகளை அகராதியில் தேடி நோட்டில் எழுத ஆரம்பித்தேன். குயின், குயிக், கோட், குவெரி, ஈக்வல், ஸ்குவாட்... எதை எடுத்தாலும் க்யூவுக்குப் பின்னால் யு நிற்கிறது. இது ஆதியிலிருந்து வந்த வழக்கம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் குயினை சி, டபிள்யு போட்டுத்தான் ஆரம்பித்தார்கள். 1066-ல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கத்தில் பழகிய எழுத்தர்கள் அதைக் க்யூ, யு என்று மாற்றினார்கள். யு இல்லாமல் க்யூ வருகிற ஐந்தெழுத்தும் உண்டு. புர்கா, நிகாப், ஃபக்கீர் எல்லாம் அரபியிலிருந்து போனவை. நம்ம ஊர்ப் பக்கிரியும் அந்த ஃபக்கீர்தான்.

1930-களில் அமெரிக்காவில் ஆல்பிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வேலை இழந்திருந்த நேரத்தில், செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அந்தக் கணக்கில் பிறந்த விளையாட்டுதான் ஸ்கிராபிள். அதன் 100 கட்டைகளில் இ மட்டும் 12; ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளிதான். க்யூ ஒன்றே ஒன்று. அதற்குப் 10 புள்ளி. அந்த ஆட்டத்தில் க்யூ கையில் வந்தால் தலைவலி. ஆனால் வார்த்தையைக் கண்டுபிடிக்கிற ஆட்டத்தில் க்யூ வந்தால் அதிர்ஷ்டம் என்பேன்! யு பெரும்பாலும் தானாக வந்துவிடும். மீதி மூன்று எழுத்துதான் பாக்கி.

உண்மையான ஆபத்து சாதாரண எழுத்துக்களில்தான். ஜோஷ் வார்டில் என்பவர் 2021-ல் வெளியிட்ட 'வேர்டில்' ஆட்டத்தைச் செல்போனில் ஆடியிருப்பீர்கள். ஐந்தெழுத்து வார்த்தையை ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள், இல்லவே இல்லை என்றால் சாம்பல். மூன்று தடவை முடிந்து, கடைசி நான்கு எழுத்து ஐ, ஜி, எச், டி என்று பச்சையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெயிச்சாச்சு என்று தோன்றும். எங்கே! எய்ட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என்று எட்டு வார்த்தை வரிசையில் நிற்கும். ஒன்றொன்றாகப் போட்டால், கையில் இருப்பது மூன்றே வாய்ப்பு.

இந்த ஜி, எச் கூட்டமே ஒரு தனிக்கதை. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் தொண்டையிலிருந்து வருகிற ஒரு சத்தம் உண்மையாகவே இருந்தது. சத்தம் செத்துப்போச்சு, எழுத்து மட்டும் நிற்கிறது. நாமும் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சரி, எட்டிலிருந்து தப்பிப்பது எப்படி? ரேடியோ ரிப்பேரில் சொல்லித் தருகிற வழிதான். ஒவ்வொரு கட்டமாகச் சோதிக்காமல், நடுவில் சிக்னல் இருக்கிறதா என்று பார். இருந்தால் முன்பாதியை விட்டுவிடு. அதே மாதிரி இங்கே விடையாக இருக்கவே முடியாத 'ஃபிலிம்ஸ்' என்ற வார்த்தையைப் போடுங்கள். எழுத்து எஃப், ஐ, எல், எம், எஸ். நடுவிலிருக்கும் ஐ எப்படியும் பச்சைதான், அதை விடுங்கள். மற்ற நான்கில் ஒன்று நிறம் மாறினால் விடை கிடைத்துவிட்டது. நான்கும் சாம்பலா? அடுத்து 'என்டர்' போடுங்கள். அதில் டி எப்படியும் மஞ்சள்தான் காட்டும், அதையும் விடுங்கள். இ, என், ஆர் மூன்றில் ஒன்று பிடிபட்டால் அதுதான் விடை. அதுவும் இல்லையா, மிச்சம் இருப்பது டைட் மட்டும். மூன்றாவது வாய்ப்பில் கட்டாயம் முடிந்துவிடும். கிடைத்த பச்சை எழுத்தை விடாமல் வைத்து ஆடணும் என்கிற கடின முறையில் மட்டும் இந்த வித்தை செல்லாது.

இன்னொரு வகையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஏ, இ, ஐ, ஓ, யு ஐந்தும் இல்லாத ஐந்தெழுத்து. நிணநீரைச் சொல்லும் லிம்ஃப், நிலவறையைச் சொல்லும் கிரிப்ட், தேவதை நிம்ஃப், இவற்றிலெல்லாம் உயிரெழுத்து வேலையை ஒய் பார்க்கிறது. வெள்ளைப்போளத்துக்கு ஆங்கிலத்தில் 'மிர்': எம், ஒய், ஆர், ஆர், எச். நோட்டில் இந்த வகையில் ஒன்பது ஆகியிருக்கிறது. பத்தாவது தெரிந்தவர்கள் இரண்டாம் ஆண்டு மின்னணுவியல் வகுப்புப் பக்கம் வந்து சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.